அலுங்காமல் குலுங்காமல்: எண்ணெயா, காற்றா, இரும்புச் சுருளா?

சொகுசு கார் என்றதும் பேச்சு எஞ்சினுக்கும் தோல் இருக்கைக்கும் போய்விடுகிறது. பின் இருக்கையில் நானூறு கிலோமீட்டர் உட்கார்ந்து போகிறவருக்கு அவை இரண்டும் இரண்டாம்பட்சம். சாலையின் மேடுபள்ளம் அவர் முதுகுக்கு வந்து சேர்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம். 1968-இல் இதற்கு மூன்று நாடுகள் மூன்று விதமாகப் பதில் வைத்திருந்தன: பிரான்சின் சிட்ரோயன் டிஎஸ், ஜெர்மனியின் மெர்சிடிஸ் 300 எஸ்இஎல் 6.3, இங்கிலாந்தின் ஜாகுவார் எக்ஸ்ஜே6. முதலாவது எண்ணெயையும் வாயுவையும் நம்பியது, இரண்டாவது காற்றை, மூன்றாவது இரும்புச் சுருளை. இன்றைய பெரிய செடான்களின் சஸ்பென்ஷனை (சக்கரத்துக்கும் காரின் உடலுக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் அமைப்பை) புரிந்துகொள்ள இந்த மூன்றையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு. காரின் உடல் நொடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை மேலும் கீழும் மெல்ல அசைந்தால் அது நடையின் தாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும். உடம்பு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் அதிர்வுதான் வயிற்றையும் முதுகையும் படுத்தும். ஆக, மெதுவான அசைவை அனுமதித்து வேகமான அதிர்வை வழியிலேயே தடுப்பதுதான் சஸ்பென்ஷனின் வேலை.

டிஎஸ் இதை அடியோடு புதிதாக யோசித்தது. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வந்த அந்தக் காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்புக் கோளம் உண்டு. உள்ளே ரப்பர் சவ்வு. அதற்கு மேலே நைட்ரஜன், கீழே எண்ணெய். சக்கரம் மேடேறும்போது எண்ணெய் தள்ளப்பட்டு வாயு அமுங்கும். கோளத்தின் கழுத்தில் உள்ள வால்வுதான் ஷாக் அப்சார்பர், அதாவது குலுக்கலை அடக்கும் உறுப்பு. சிட்ரோயனின் பால் மாஜெஸ் வடிவமைத்த இந்த ஏற்பாட்டில், ஆள் ஏறினாலும் இறங்கினாலும் கார் தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். ஜாக்கி இல்லாமலே சக்கரம் மாற்றலாம். முன் பிரேக்குகளை சக்கரத்தில் மாட்டாமல் கியர்பாக்ஸ் ஓரத்தில் வைத்ததால் முன் சக்கரத்தின் பாரமும் குறைந்தது. 3,125 மில்லிமீட்டர் நீள வீல்பேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) சேர்ந்துகொள்ள, நீண்டு கிடக்கும் ஏற்ற இறக்கங்களில் டிஎஸ் படகு மாதிரி போகும்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. கோளத்தில் அடைத்த வாயுவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் அந்த வாயு இறுகுகிறது. பாரம் கூடக்கூட ஸ்பிரிங் அதைவிட வேகமாக விறைக்கிறது. உயரம் அதேதான், மென்மை குறைகிறது. வளைவில் நன்றாகவே சாயும் என்பதும் உண்மை.

மெர்சிடிஸின் காற்று முறைக்கு இங்கேதான் மதிப்பு. எஞ்சினால் ஓடும் கம்ப்ரசர் (காற்றை அழுத்தித் தரும் கருவி), சக்கரங்களில் ரப்பர் காற்றுப்பைகள். பாரம் ஏறினால் பைக்குள் கூடுதல் காற்று செல்கிறது. பாரமும் ஸ்பிரிங்கின் விறைப்பும் ஒரே விகிதத்தில் உயர்வதால் தாளம் மாறுவதில்லை. தனியாகப் போனாலும் குடும்பத்தோடு போனாலும் ஒரே நடை. இயற்பியல்படி மூன்றில் நேர்த்தியான முறை இதுவே என்பேன். கார் அதைக் காப்பாற்றியதா? முழுதாக இல்லை. பின்னால் இருந்தது பழைய ஸ்விங் ஆக்சில், சக்கரத்தோடு சேர்ந்து ஊசலாடும் அச்சு. சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் சாய்வும் மாறும். காற்றோடு நுழையும் ஈரம் குளிரில் உறைந்துவிடாதபடி ஆல்கஹால் கலக்கும் கருவி ஒன்றும் தேவைப்பட்டது. ரப்பர் வயதானால் கசிவு. 1975-இல் இதன் இடத்துக்கு வந்த 450 எஸ்இஎல் 6.9 காற்றைக் கைவிட்டு எண்ணெய்-வாயு முறைக்கே போனது. அதற்கும் முன்பே, 1965-இல், ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ தன் உயரச் சீரமைப்புக்காக சிட்ரோயனிடம் உரிமம் வாங்கியிருந்தது.

இனி ஜாகுவார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதில் கம்ப்ரசர் இல்லை, கோளம் இல்லை. சாதாரணச் சுருள் ஸ்பிரிங். பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு. ஜாகுவார் பொறியாளர் பாப் நைட்டும் அவருடைய குழுவும் உழைத்த இடம் வேறு. பின் டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி), பிரேக், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரு இரும்புக் கூண்டில் கட்டி, அந்தக் கூண்டை ரப்பர் தாங்கிகள் வழியாக உடலோடு இணைத்தார்கள். முன்புறத்துக்கும் தனி சப்ஃப்ரேம் (துணைச் சட்டகம்), அதற்கும் ரப்பர். சாலையின் சத்தமும் பொடி அதிர்வும் உடலை எட்டுமுன் இந்த ரப்பரைத் தாண்ட வேண்டும். டிஎஸ் முன்னால் செய்ததை எக்ஸ்ஜே6 பின்னால் செய்தது: பிரேக் டிஸ்க்குகள் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ்ஷாஃப்டே மேல் இணைப்புக் கம்பியாகவும் வேலை செய்ததால் ஒரு உறுப்பு மிச்சம். டன்லப் இந்தக் காருக்கென்றே அகலமான டயர் செய்து கொடுத்தது. டயரையும் ஸ்பிரிங்கின் ஒரு பகுதியாக நினைத்தவர்கள் அவர்கள்.

குறை இல்லாமல் இல்லை. பாரம் ஏறினால் பின்புறம் அமரும். உள்ளே இருக்கும் பிரேக்கைப் பழுதுபார்ப்பது மெக்கானிக்குக் கைநோவு; அதன் சூடு டிஃபரன்ஷியலில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல்களையும் பதம் பார்க்கும்.

நீண்ட நெடுஞ்சாலைக்கு டிஎஸ். ஆளும் பெட்டியுமாக நிறைத்துப் போகிறவருக்கு மெர்சிடிஸ். தினமும் எல்லாச் சாலையிலும் ஓட்ட, அமைதியாகவும் வளைவில் நிலையாகவும் இருக்க, ஜாகுவார்.

2013 மெர்சிடிஸ் எஸ்-கிளாஸின் உச்ச சஸ்பென்ஷன் நின்றது காற்றில் அல்ல, சுருள் ஸ்பிரிங்கில் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஸ்பிரிங்கோடு ஹைட்ராலிக் சிலிண்டர் சேர்த்து, 15 மீட்டர் தொலைவு வரை சாலையைக் கேமராவால் பார்த்து முன்கூட்டியே சக்கரத்தைத் தயார்ப்படுத்தினார்கள். 2017-இல் அறிமுகமான ஆடி ஏ8 காற்று ஸ்பிரிங்கோடு, விரும்புவோருக்கு, ஒவ்வொரு சக்கரத்தையும் ஏற்றி இறக்க ஒரு மின் மோட்டாரைக் கொடுத்தது. இரண்டும் அருமையான வேலை. ஆனால் இத்தனையும் செய்துவிட்டு, 20, 21 இஞ்ச் வீலில் மெல்லிய டயரை மாட்டுகிறார்கள். கூர்மையான பள்ளத்தில் முதல் அடியை வாங்குவது டயர்தான். அங்கே ரப்பரின் உயரம் குறைந்தால் கேமராவாலும் மோட்டாராலும் முழுதாக ஈடுகட்ட முடியாது. எக்ஸ்ஜே6 ஓடியது 15 இஞ்ச் வீலில், தடித்த டயரில். ஷோரூமில் எந்த மாடலைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கு வரும் வீல்களில் மிகச் சிறியதைக் கேட்டு வாங்குங்கள்.