உறைகருவை வைக்க மருந்துச் சுழற்சியா, இயற்கைச் சுழற்சியா?

மாதவிடாய் வந்த 2-ஆம் நாள் காலையில், ஐ.வி.எஃப். முறையில் ஆய்வகத்தில் உருவாக்கி உறையவைத்திருந்த என் கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதற்காக, சென்னையில் நான் சிகிச்சை பெற்ற மையத்தில், ஸ்கேன் முடிந்த கையோடு அச்சிட்ட அட்டவணை ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்று வேளையும் எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை, 12-ஆம் நாள் மறு ஸ்கேன், அதன்பின் கர்ப்பத்தைத் தாங்க உதவும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன், கருவை வைக்கும் தேதி என எல்லாமே அதில் நிரப்பப்பட்டிருந்தன. எனக்கு 28 முதல் 30 நாளுக்கு ஒருமுறை பிசகாமல் மாதவிடாய் வருகிறதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு வழியும் உண்டு என்ற பேச்சு எழுந்திருக்கும். அடுத்த முறை, வேறொரு மையத்தில், அந்த இன்னொரு வழியில் சென்றேன். எந்த வழியில் என் மகள் பிறந்தாள் என்பதை இங்கே எழுதவில்லை, ஏனெனில் ஒருத்திக்குக் கிடைத்த முடிவு இன்னொருத்திக்குச் சான்றாகாது.

இரண்டு வழிகளிலும் கரு ஒன்றுதான். கர்ப்பப்பையின் உட்சுவரை அந்தக் கருவை ஏற்கும் நிலைக்கு யார் கொண்டுவருகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

மருந்துச் சுழற்சியில் அந்த வேலையை மாத்திரை செய்கிறது. மாதவிடாயின் 2-ஆம் அல்லது 3-ஆம் நாளிலிருந்து, பெரும்பாலும் நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் அளவில், எஸ்ட்ராடயால் வேலரேட் கொடுக்கிறார்கள். இது உட்சுவரைத் தடிக்கச் செய்வதோடு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் அடக்கிவைப்பதால், அந்த மாதம் கருமுட்டை பொதுவாக வளர்வதும் இல்லை, வெடிப்பதும் இல்லை. உட்சுவர் 7 மில்லிமீட்டரைத் தாண்டி, ஸ்கேனில் மூன்று கோடுகளாகத் தெரிந்ததும் புரோஜெஸ்டிரானைத் தொடங்கி, ஐந்து நாள் வளர்ந்த கருவாக இருந்தால் புரோஜெஸ்டிரானின் 6-ஆம் நாளில் வைக்கிறார்கள்.

இயற்கைச் சுழற்சியில் உடலின் வேலையைப் பின்தொடர்வது மட்டுமே மருத்துவரின் பங்கு. 9 அல்லது 10-ஆம் நாளிலிருந்து ஃபாலிக்குலர் ஸ்டடி, அதாவது முட்டையின் வளர்ச்சியை ஸ்கேனில் தொடர்ந்து பார்ப்பது, தொடங்குகிறது. முட்டையைச் சுற்றியுள்ள நீர்ப்பையான முட்டைப்பை 18 மில்லிமீட்டர் அளவை நெருங்கும்போது, அதை வெடிக்கவைக்கும் எல்.எச். ஹார்மோன் தானாக உயரும் வரை இரத்தத்திலோ சிறுநீரிலோ பார்த்துக்கொண்டிருக்கலாம், அல்லது எச்.சி.ஜி. ட்ரிகர் ஊசி போட்டு முட்டை வெடிக்கும் நேரத்தை ஓரளவு நம் கைக்குள் கொண்டுவரலாம். இந்த இரண்டாவது வகையைத் திருத்திய இயற்கைச் சுழற்சி என்கிறார்கள். இது புதிதாக வந்த நாகரிகமும் அல்ல. கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் 1978 அக்டோபரில் பிறந்த, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையின் கருவே உறையவைக்கப்பட்டு, பின்னொரு இயற்கைச் சுழற்சியில் வைக்கப்பட்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார்.

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, எதில் வெற்றி அதிகம் என்பது. வியட்நாமில் முறையாகக் கருமுட்டை வெளியாகும் 1,428 பெண்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2024-இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு முறை கரு வைத்ததில் குழந்தை பிறந்த விகிதம் இயற்கைச் சுழற்சியில் 37 விழுக்காடு, திருத்திய இயற்கைச் சுழற்சியில் 33, மருந்துச் சுழற்சியில் 34. நெதர்லாந்தில் நடந்து 2016-இல் வெளியான, அண்டார்ட்டிகா என்று பெயரிடப்பட்ட ஆய்விலும் திருத்திய இயற்கைச் சுழற்சிக்கும் மருந்துச் சுழற்சிக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, "எங்கள் மையத்தில் இந்த முறையில்தான் ரிசல்ட் நன்றாக வருகிறது" என்று ஒருவர் சொன்னால், அதை அந்த மையத்தின் பழக்கத்தைப் பற்றிய செய்தியாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நான் நின்று பார்க்கச் சொல்வது அதற்கு அடுத்த கட்டத்தை. முட்டை வெடித்த இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறச் சுரப்பி உருவாகிறது. நஞ்சுக்கொடி பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் வரை, அதாவது ஏறத்தாழ 7 முதல் 9 வாரம் வரை, கர்ப்பத்தைத் தாங்கி நிற்பது அதுதான். மருந்துச் சுழற்சியில் முட்டையே வெடிக்காததால் இந்தச் சுரப்பியும் இல்லை. அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரானையும் மாத்திரையாலும் ஊசியாலும் ஈடுசெய்துவிடலாம். ஆனால் ரிலாக்ஸின் போன்ற வேறு சிலவற்றையும் அது சுரக்கிறது, அவற்றை யாரும் மருந்தாகத் தருவதில்லை. தாயின் இரத்தக்குழாய்கள் கர்ப்பத்துக்கு ஏற்ப நெகிழ்வதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்று கருதப்படுவதால்தான், இரத்த அழுத்தம் பற்றிய கேள்வி எழுந்தது. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்துச் சுழற்சியில் கருவுற்றவர்களில் 12.8 விழுக்காட்டினருக்கு ப்ரீஎக்லாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தச் சிக்கல் ஏற்பட்டது. திருத்திய இயற்கைச் சுழற்சியில் அது 3.9 விழுக்காடு. அதே ஆண்டு வெளியான சுவீடன் நாட்டுப் பதிவேட்டு ஆய்வும் அழுத்தக் கோளாறுகள், பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு ஆகிய இரண்டும் மருந்துச் சுழற்சியில் கூடுதல் என்றே காட்டியது. இவை குலுக்கல் முறை ஆய்வுகள் அல்ல. மருந்துச் சுழற்சிக்கு வரும் பெண்களில் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் அதிகம் இருப்பார்கள், அவர்களுக்கு அழுத்தம் ஏறும் வாய்ப்பு முன்பே சற்று அதிகம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அப்படியிருந்தும், வெவ்வேறு நாடுகளின் தரவுகள் ஒரே பக்கம் சாய்வதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. மாதந்தோறும் தவறாமல் கருமுட்டை வெளியாகும் பெண்ணுக்கு, தக்க காரணம் இல்லாமல் அந்தச் சுரப்பியை இல்லாமல் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

மருந்துச் சுழற்சியின் பலம் நாட்களில் இருக்கிறது. ஸ்கேன் இரண்டு மூன்று போதும்; புரோஜெஸ்டிரானைத் தொடங்கும் வரை, ஈஸ்ட்ரோஜனைச் சில நாள் நீட்டித்து, விடுப்புக்கும் ஆய்வகத்தின் வசதிக்கும் ஏற்பத் தேதியை நகர்த்தலாம். தொடங்கிவிட்டால் பிறகு நகர்த்த முடியாது. இயற்கைச் சுழற்சியிலோ, தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து காலை எட்டு மணிக்கு ஸ்கேன் வரிசையில் உட்கார்ந்து, பத்து மணிக்குள் ஓ.எம்.ஆர். அலுவலகத்துக்கு ஓடுவதை ஒரே வாரத்தில் மூன்று நான்கு முறை செய்ய நேரலாம். முட்டை ஞாயிற்றுக்கிழமையையும் பொங்கலையும் பார்ப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் நீரில் நின்றதை நினைத்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வழியைத் தொடங்குமுன் வீட்டுக்கும் மையத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணிப் பார்ப்பது நல்லது. எல்.எச். உயர்வைத் தவறவிட்டால் அந்த மாதம் போய்விடும். ஆனால் கரு உறைந்தபடியே திரவ நைட்ரஜனில் பத்திரமாக இருக்கும்.

மருந்துச் சுழற்சியில் முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டியது புரோஜெஸ்டிரானைப் பற்றி. உடலில் வேறு மூலம் இல்லாததால், வெளியிலிருந்து கொடுப்பது போதாவிட்டால் ஈடுகட்ட எதுவும் இல்லை. 2021-இல் வெளியான ஓர் அமெரிக்கக் குலுக்கல் ஆய்வில், பிறப்புறுப்பு வழியாக மட்டும் புரோஜெஸ்டிரான் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், தினமும் தசை ஊசி பெற்றவர்களில் 44 விழுக்காட்டினருக்கும், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 46 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. எண்ணெயில் கரைத்த அந்த ஊசி வலிக்கும். போட்ட இடத்தில் கட்டிக்கொள்ளும், வெந்நீர் ஒத்தடம் தேவைப்படும். கர்ப்பம் தரித்தால் 10 அல்லது 12 வாரம் வரை ஊசி தொடரும். அந்த வலியைச் சகிப்பதற்குப் பொருள் இருக்கிறது. கருவை வைக்கும் நாளிலோ அதற்கு முன்போ இரத்தத்தில் புரோஜெஸ்டிரான் அளவைப் பார்ப்பீர்களா என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவர்களுக்கும், சினைப்பை செயலிழந்தவர்களுக்கும், தானமுட்டைக் கருவைப் பெறும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் மருந்துச் சுழற்சி பெரும் கொடை. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களில் பலருக்கு நடுவழி ஒன்றும் உண்டு. லெட்ரோசோல் மாத்திரையை ஐந்து நாள் கொடுத்து முட்டையை வளர்த்து, ட்ரிகர் ஊசி போட்டு, கார்பஸ் லூட்டியத்தோடு கருவை வைக்கலாம். இந்தியாவில் 2011-இல் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு இந்த மருந்து தடை செய்யப்பட்டு 2017-இல் தடை நீங்கியது. அந்தப் பழைய தடையை நினைத்து இன்றும் அஞ்சும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மறுபுறம், இரத்தம் உறைந்த வரலாறோ ஈஸ்ட்ரோஜனால் தூண்டப்படும் மார்பகப் புற்றுநோயின் வரலாறோ உள்ளவர்கள் எஸ்ட்ராடயால் மாத்திரையைத் தொடுமுன் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நம் ஊரில் கருத்தரிப்பு மையம் ஓரிடமாகவும், வளைகாப்புக்குப் பின் பிரசவம் பார்ப்பது தாய்வீட்டு ஊர் மருத்துவரிடமாகவும் இருப்பது வழக்கம். அப்போது கையில் போகும் கடிதத்தில் "ஐ.வி.எஃப். கர்ப்பம்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது; எந்தச் சுழற்சி என்பதும் அதில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தச் செய்தி பிரசவ மருத்துவரைச் சேரும் நேரம். அழுத்தச் சிக்கலைக் குறைக்க உதவும் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்பதை 12-ஆம் வாரத்தை ஒட்டி, 16-ஆம் வாரத்துக்கு முன்பாகவே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், ஏழாம் மாதம் வரை அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்திருக்காமல், முதல் மூன்று மாதம் முடியுமுன்பே கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.