மஞ்சள் சுவரும் காக்கிச் சட்டையும்: மூன்று ஃபிலிம் ரோல்

நாடகக்குழு நண்பர்கள் சிலர் 1940-ஆம் வருடத்துச் சொல்தா (பிரெஞ்சுச் சிப்பாய்) வேஷம் கட்டிக்கொண்டு ஒரு காலை முழுக்க புதுச்சேரி பீச் ரோட்டில் நடமாடினார்கள். அந்த வருடம் செப்டம்பரில்தான் ஆளுநர் போன்வேன் பிரெஞ்சிந்தியாவை சுதந்திர பிரெஞ்சுப் படைத் தலைவர் தெகோல் பக்கம் சேர்த்தார். படம் பிடிக்கிற வேலை எனக்கு. பையில் கறுப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்டு ஹெச்பி5, இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ், கலருக்கு கோடக் கோல்டு 200, ஒவ்வொன்றிலும் ஒரு ரோல்.

"கறுப்பு வெள்ளை போடுப்பா, யுத்த காலம் தானா வந்துடும்" என்றார்கள். அதனால் முதலில் ஹெச்பி5. துய்மா வீதியில் மஞ்சள் சுவர் முன்னால் நாலு பேரை நிறுத்தி எடுத்தேன். கழுவிப் பார்த்தால் காக்கியும் சுவரும் ஒரே சாம்பல். முகங்கள் மட்டும் அந்தரத்தில் மிதக்கின்றன. ஆரஞ்சு ஃபில்டரும் இங்கே கைகொடுக்காது, இரண்டையும் சேர்த்தே வெளுத்துவிடும். அதே ஃபில்டரோடு ஆட்களைக் கடல் பக்கம் திருப்பினால் வானம் இருண்டு, காக்கி எடுப்பாக நிற்கும். வேகம் 400, அதாவது குறைந்த வெளிச்சமே போதும் என்பதால் தாழ்வார நிழலிலும் ஆள் நடக்கும்போதும் இதுதான் தோதானது.

எனக்குப் பிடித்துப்போனது ஆர்த்தோ. இதற்குச் சிவப்பு தெரியாது. சுதந்திர பிரெஞ்சுக் கொடியின் நடுவில் இருக்கும் சிவப்பு லொரேன் சிலுவை அட்டைக் கறுப்பாக விழுகிறது. கொடியின் நீலமோ வெளுத்துவிடுகிறது. பழைய குடும்பப் படங்களில் பாட்டியின் குங்குமப் பொட்டு கறுப்பாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இதுதான் சங்கதி. அந்தக் காலத்தில் வீட்டுக் கேமராக்களில் ஓடிய கோடக் வெரிக்ரோமும் ஆர்த்தோ ரகம்தான். 1956-இல்தான் அதை மாற்றினார்கள். தாத்தாக்கள் நேரில் இருந்ததைவிடப் படத்தில் கறுத்துத் தெரிந்ததில் ஃபிலிமுக்கும் பங்கு உண்டு.

ஆனால் நம் நிறத்துக்கு இது கொஞ்சம் கஞ்சத்தனமான ஃபிலிம். முகத்துக்கு மீட்டர் காட்டுவதைவிட ஒரு ஸ்டாப், அதாவது ஒரு மடங்கு வெளிச்சம், கூடுதலாகக் கொடுங்கள். விடிந்தும் விடியாத செவ்வெயிலில் இன்னும் சோம்பும்: வேகம் பகல் வெளிச்சத்தில் 80, சிவப்பு தூக்கலான குண்டு பல்பில் 40 என்று இல்ஃபோர்டே போட்டிருக்கிறது. இது புரியாமல் ஆறு மணிக்கு எடுத்த முதல் நாலு நெகட்டிவும் கண்ணாடி மாதிரி வந்தன. எட்டு மணிக்கு மேல் எடுத்தவை அச்சு அசல் அந்தக் காலம்.

கோல்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கலர் என்றாலே யுத்த காலத்துக்குப் பொய் என்பது சரியில்லை. கோடக்ரோம் 1936-லேயே 35 மி.மீ. கேமராவுக்கு வந்துவிட்டது. மஞ்சள் சுவரும் காக்கியும் இதில்தான் ஒழுங்காகப் பிரிந்தன. கெடுத்தது கோல்டுக்கே உரிய அந்த இளஞ்சூடான மஞ்சள்: சிப்பாய்கள் 1995-ஆம் வருடக் கல்யாண ஆல்பத்திலிருந்து இறங்கி வந்தவர்கள்போல் இருந்தார்கள். போதாக்குறைக்கு, பின்னால் நின்ற நீலத் தண்ணீர் கேன் முதலில் கண்ணில் படுகிறது. கறுப்பு வெள்ளையில் அது யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் கழுவுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கறுப்பு வெள்ளைக்கு 20 டிகிரி வேண்டும். கோடையில் நம் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தொடும். ஐஸ் கட்டியோடு மல்லுக்கு நின்றேன். கலர் மருந்துக்கு 38 டிகிரி, நம் ஊர் வெயில் பாதி வேலையை முடித்துவிடும். ஆர்த்தோவில் ஒரு சுகம், சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உருவம் எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்த தடவை ஆர்த்தோ இரண்டு, நடமாட்டத்துக்கு ஹெச்பி5 ஒன்று. மஞ்சள் சுவர் வேண்டுமென்று யாராவது பிடிவாதம் பிடித்தால் மட்டும் கோல்டு. அப்போதும் தண்ணீர் கேனை முதலில் நகர்த்திவிடுவேன்.