வார்த்தை இல்லாமல் பாடிய வயலின்: நாகர்கோவிலில் ஒரு சாயங்காலம்

அத்தைதான் இழுத்துக்கொண்டு போனாள். தக்கலையில் பஸ் பிடித்து, ஐப்பசி மழையில் பாதி நனைந்து, மணிமேடைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்தபோது மணி ஐந்தே முக்கால். கச்சேரி ஆறு மணிக்கு என்று தட்டியில் போட்டிருந்தது, வில் தந்தியைத் தொட்டபோது ஆறு ஐம்பது. நடுவில் நடந்ததை முதலிலேயே கொட்டிவிடுகிறேன், அப்புறம் நிம்மதியாக வாசிப்புக்கு வரலாம்.

குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, பொன்னாடை போட்டவருக்கு ஒரு பொன்னாடை. தலைமை தாங்க வந்தவர் மைக்கைப் பிடித்து, வயலின் வெள்ளைக்காரன் வாத்தியம், அதில் நம்ம பாட்டை வாசிப்பது பெரிய அதிசயம் என்று பத்து நிமிடம் பேசினார். இதை இந்த ஊரில் வந்தா சொல்ல வேண்டும்? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தஞ்சை நால்வர் என்கிற அண்ணன் தம்பிகளில் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் சபையில் வாசித்து, 1834-இல் தந்தத்தால் செய்த வயலினை மகாராஜா கையால் வாங்கியிருக்கிறார். 1956 வரைக்கும் நம்ம நாகர்கோவிலும் அந்தத் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. மேடையில் வயலின் வாசிக்க வந்த பெண் சம்மணம் போட்டபடி, வலது கணுக்காலில் வயலினின் தலையை ஊன்றிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெயரைப் போடவில்லை, அவரிடம் கேட்காமல் எழுதுகிறேன். முப்பத்தைந்து வயது இருக்கும். பஸ்ஸிலேயே அத்தை கேட்டாள், "மக்கா, வாசிக்கப்போறது கன்னியாகுமரியா?" வயலின் கலைஞர் ஏ. கன்னியாகுமரி அம்மா ஆந்திராவில் விஜயநகரத்துக்காரர், 2016-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி வாங்கியவர், பெயர் மட்டும்தான் நம்ம ஊர். இவர் வேறு ஆள் என்றதும் அத்தை முகம் கொஞ்சம் சுருங்கியது. வாசிப்பு தொடங்கியதும் அது திரும்ப விரிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கச்சேரி தொடக்கத்தில் வாசிக்கிற வர்ணம் முடிகிற வரைக்கும் ஒன்றும் விளங்கவில்லை, காரணம் ஒலிபெருக்கி. வயலினில் ஒட்டியிருந்த மைக் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி ஒரு சத்தம் போட, அதன் மேல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எதிரொலி. வர்ணம் முடிந்ததும் அவர் ஓரமாகத் திரும்பி, "தம்பி, அந்த எக்கோவை முழுசா எடுத்துருங்க, சத்தத்தையும் பாதியாக்குங்க" என்றார். தம்பி எடுத்தார். அதற்கப்புறம்தான் மரத்தின் சத்தம் கேட்டது. தந்தி சத்தத்தைச் சொல்லவில்லை, மரத்தின் சத்தம், வித்தியாசம் நேரில் கேட்டால் தெரியும்.

மழைக்காற்றில் சுருதி நிற்கவே இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் தந்தியை முறுக்குகிற பிருடையைத் திருகி, நான்கு தந்தியையும் ச-ப-ச-ப என்று கூட்டிவிட்டு, பக்கத்திலிருந்த டப்பாவிலிருந்து துளி பவுடரை இடது கை விரலில் தேய்த்துக்கொள்வார், இல்லையென்றால் ஈரத்தில் விரல் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். சின்ன வேலைதான். ஆனால் அவர் அவசரப்படவே இல்லை, நாமும் அவசரப்பட முடியாதபடி ஆக்கிவிட்டார்.

மூன்றாவதாக முகாரி ராகத்தைக் கொஞ்சமாகத் தொட்டுக்காட்டிவிட்டு ‘என்றைக்கு சிவகிருபை வருமோ’ எடுத்தார். நீலகண்ட சிவன் பாட்டு. அவர் 1839-இல் பிறந்தது வடிவீஸ்வரத்தில், மண்டபத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாபநாசம் சிவனைத் தெரியும், அந்தச் சிவன் குருவாக நினைத்த இந்தச் சிவனைத் தெரியாது, எனக்கும் அத்தை சொல்லித்தான் தெரியும். சரி, அது கிடக்கட்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தது வில் கையை. வயலினில் வார்த்தை கிடையாது, ஸ்வரம் மட்டும்தான். ஆனால் ‘என்’-னுக்கு ஒரு இழுப்பு, ‘றைக்’-கில் வில்லை ஒரு நொடி நிறுத்தி ஒரு வெட்டு, ‘கு’-வுக்குத் திரும்ப ஒரு சின்னத் தொடல், இப்படி எழுத்துக்கு எழுத்து வில் திரும்புகிறது. ‘வருமோ’ வந்தபோது விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமலே கீழே சறுக்கிக் கொண்டுவந்தார் பாருங்கள், கேள்விக்குறி போட்டது அந்தச் சறுக்கல்தான். இரண்டாவது முறை பல்லவி வந்தபோது முன் வரிசையில் நாலைந்து வயசானவர்கள் சத்தமே வராமல் உதட்டை அசைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அத்தையும்தான். எனக்குப் பாட்டு முழுசாகத் தெரியாது, அன்றைக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

பாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விட்டதைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கிற வயலினைத்தான் நான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறேன். நடுவில் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் தனியாக இழுத்துக்கொண்டு போவது வேறு காரியம். வேகமாக வாசித்துக் கைதட்டு வாங்குவது சுலபம், இவர் அந்தப் பக்கமே போகவில்லை.

கச்சேரியின் பிரதானப் பாட்டு சங்கராபரணம் ராகத்தில். பாட்டுக்கு முன்னால் ராகத்தை விரிக்கிற ஆலாபனையே இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கும், முதல் ஐந்து நிமிடம் அடித் தந்தியை விட்டு மேலே வரவே இல்லை. கீழ் ஸ்தாயி ‘ச’-வான மந்தர சட்ஜத்தில் வில்லை அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பில் பையப் பைய நகர்த்தினார், எங்கே முடிந்தது என்று தெரியவில்லை, மின்விசிறிச் சத்தம் திடீரென்று கேட்டபோதுதான் வயலின் நின்றிருப்பது தெரிந்தது. பின்னால் இருந்த ஒரு பெரியவர் மெதுவாக, "கொள்ளாம்" என்றார். சென்னை சபாவில் பலே, சபாஷ் எல்லாம் பறக்கும். நம்ம பக்கத்து ஆள் வாயிலிருந்து கொள்ளாம் என்று ஒன்று விழுந்துவிட்டால் அதற்கு மேல் பட்டம் கிடையாது. மேடையில் இருந்தவருக்கும் கேட்டிருக்க வேண்டும், லேசாகச் சிரித்தார்.

எடுத்த கிருதி சுவாதித் திருநாளின் ‘தேவி ஜகஜ்ஜனனி’, திருவனந்தபுரம் நவராத்திரிக் கச்சேரிகளில் முதல் நாளுக்கு உரியது. பத்மநாபபுரம் சரஸ்வதியும் குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வருஷா வருஷம் திருவனந்தபுரம் போவது இந்தக் கச்சேரிகள் நடக்கிற நவராத்திரிக்குத்தான். நாங்கள் தெருவில் நின்று ஊர்வலத்தைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அங்கே போய் அம்மன் என்ன கேட்கிறாள் என்று அத்தைக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

தாளக்காரர்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் நன்றாக இருந்தது, ஆனால் அதற்குள் பாதிப் பேர் எழுந்து வெளியே சுக்கு காப்பிக்கும் ரசவடைக்கும் போய்விட்டார்கள். வடை சூடு, அதைக் குறை சொல்ல முடியாது. என்றாலும் மிருதங்கக்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போது நாற்காலியைத் தரையில் தேய்த்துக்கொண்டு போவது என்ன பழக்கம்? ஒரு செல்போன் மூன்று முறை அடித்தது. மூன்றும் ஒரே ஆளுடையது.

மதிப்பெண் கேட்டால் வாசிப்புக்கு ஐந்துக்கு ஐந்து, ஏற்பாட்டுக்கு இரண்டு. அந்த இரண்டும் மேடையில் வைத்திருந்த தோவாளைப் பிச்சிப்பூவுக்கும், அனுமதி இலவசம் என்பதற்கும். டிக்கெட் போட்டு, பேச்சை எடுத்துவிட்டு, சரியாக ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தால் நான் இருநூறு ரூபாய் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். வந்திருந்தது எண்பது பேர் இருப்பார்கள், அவர்களும் கொடுத்திருப்பார்கள்.

மறுபடி எங்காவது இவர் வாசிக்கிறார் என்று தெரிந்தால் நடுவில் பார்த்து உட்காருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் மிருதங்கக்காரரின் தோள்தான் தெரியும், வில் கை தெரியாது, அதைப் பார்க்காமல் கேட்டால் பாதிதான். மழை நாள் என்றால் பேச்சு முடிகிற நேரத்துக்குப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள், நாற்காலி கிடைக்காது. ஒன்பதரைக்கு மேல் தக்கலை பஸ்ஸுக்கு நாங்கள் முக்கால் மணி நேரம் நின்றோம். அத்தை குடைக்குள் நின்று முகாரியை முனகிக்கொண்டிருந்தாள், ‘வருமோ’வில் சறுக்கல் சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்பப் பல்லவிக்கே போய்க்கொண்டிருந்தாள்.