வாரியோ பக்கம் போய்ப் பாருங்கள்: ‘மரியோஸ் சூப்பர் பிக்ராஸ்’

நோனோகிராம் (ஓரத்து எண்களை வைத்துக் கட்டங்களைக் கறுப்பாக்கிப் படத்தைக் கண்டுபிடிக்கும் புதிர்) பிடிக்கும், வீட்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியும் இருக்கிறது என்றால் இந்தப் பழைய விளையாட்டைத் தவற விடாதீர்கள். 1995இல் நிண்டெண்டோவின் பழைய கருவியான சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்தது. அதற்கு முன் அவர்களுடைய கையடக்கக் கருவியான கேம் பாயில் வந்த ‘மரியோஸ் பிக்ராஸ்’ அமெரிக்காவில் சரியாகப் போகவில்லை. ‘சூப்பர் பிக்ராஸ்’ ஜப்பானைத் தாண்டவே பல வருடங்கள் ஆயின. 2020 செப்டம்பரிலிருந்து ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவிலேயே கிடைக்கிறது. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

புதியவர்களுக்கு ஒரே ஒரு வரிசை சொல்கிறேன். 15 கட்டம், ஓரத்தில் ‘7 5’ என்று எண்கள். அதாவது சேர்ந்தாற்போல் 7 கறுப்பு, நடுவில் குறைந்தது ஒரு இடைவெளி, பிறகு 5 கறுப்பு. மொத்தம் 13 கட்டம் போக, நகர்வதற்கு 2 கட்டம்தான் மிச்சம். ஆகவே எப்படித் தள்ளினாலும் 3 முதல் 7 வரையும், 11 முதல் 13 வரையும் கறுப்புதான். எட்டுக் கட்டம் கையில் வந்துவிட்டது. இப்போது அந்த எட்டும் மேலிருந்து கீழாக எட்டு வரிசைகளைத் திறந்துவிடும். இந்தச் சங்கிலிதான் எனக்கு இதில் உயிர்.

விளையாட்டில் இரண்டு பக்கம். மரியோ பக்கத்தில் 30 நிமிடக் கெடு. கட்டத்தைக் கறுப்பாக்குவது உளியால்தான், தப்பான கட்டத்தில் உளி வைத்தால் உடனே சொல்லிவிடும். நேரத்தையும் வெட்டும், முதலில் 2 நிமிடம், அப்புறம் 4, அப்புறம் 8. வாரியோ பக்கத்தில் கெடுவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. தப்பு செய்தால் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். ரொம்ப தூரம் போன பிறகு ஏதோ ஒரு வரிசை கணக்குக்கு ஒத்துவராது. எங்கே பிசகியது என்று நாமே பின்னோக்கித் தேட வேண்டும். என் கணக்கில் உண்மையான புதிர் இதுதான். மரியோ பக்கத்தில் சந்தேகம் வந்தால் உளியை வைத்துப் பார்த்தே விடை வாங்கிவிடலாம். அதிலும் ஸ்விட்சில் இரண்டு பட்டன்களை அழுத்திப் பிடித்தால் ஆட்டம் பின்னால் ஓடும், வெட்டிய நேரம் திரும்பிவிடும். கெடுவுக்கு அர்த்தமே போய்விடுகிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

இணையத்தில் தாங்களே படம் வரைந்து புதிராக்கி ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்கிறவர்களோடு பழகியதில்தான் எனக்கு இந்தப் பிடிவாதம் வந்தது. அங்கே ஒரு புதிருக்கு இரண்டு விடை வந்தால் யாரும் விட மாட்டார்கள். ஊகித்துத்தான் போக வேண்டும் என்றால் முகம் சுளிப்பார்கள். “எந்த வரிசையில் மாட்டினீர்கள்?” என்று முன்பின் தெரியாத ஒருவர் அக்கறையாகக் கேட்பார். அந்த மனிதர்களுக்கு வாரியோ பக்கம் கண்டிப்பாகப் பிடிக்கும்.

குறைகள்: எல்லாம் ஜப்பானிய மொழி. முடித்த படத்தின் பெயரும் அப்படியே, சில படங்கள் என்னவென்று எனக்கு இன்னும் புரியவில்லை. தொடுதிரையும் வேலை செய்யாது, பட்டன்தான். முதல் முறை போடுகிறவர்கள் அதே ஸ்விட்சில் இருக்கும் ‘பிக்ராஸ் எஸ்’ என்ற நோனோகிராம் விளையாட்டுத் தொடரில் ஒன்றை வாங்கிப் பழகுங்கள். தொடுதிரை வேண்டுமென்றால் ஏழாவது பாகமாகப் பார்த்து வாங்குங்கள், அதற்கு முந்தையவற்றில் அந்த வசதி கிடையாது.