வாடகை வீட்டு சாமானுக்கு இன்சூரன்ஸ் - பாரத் கிரஹ ரக்ஷா பாலிசி எப்படி இருக்கு?

வீட்டு இன்சூரன்ஸ்னாலே அது ஓனருக்கு உள்ளதுன்னு தான் நம்ம நாகர்கோவில் பக்கம் முக்கால்வாசி பேரு நினைச்சிருக்காங்க. நான் மொதல்ல விசாரிக்கப் போன ஒரு ஆபிஸ்லயே, பத்திரம் உங்க பேர்ல இருக்கான்னு கேட்டு, வாடகை வீடுன்னு சொன்னதும் அப்ப எடுக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது தப்பு கேட்டியளா. 2021 ஏப்ரல் 1ல இருந்து எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் கண்டிப்பா விக்கணும்னு, இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ கொண்டு வந்த பாலிசி தான் பாரத் கிரஹ ரக்ஷா, அதுல கட்டிடத்துக்கு மட்டும் எடுக்கலாம், சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், ரெண்டுக்கும் சேத்தும் எடுக்கலாம். வாடகைக்கு இருக்கறவங்களுக்கு அந்த நடுவுல உள்ளது போதும். வேற ஆபிஸ்ல போய் "சாமானுக்கு மட்டும்"னு அழுத்தி கேட்டேன், அட்ரஸ் ப்ரூஃபும் வாடகை அக்ரிமெண்டும் வாங்கிட்டு போட்டு குடுத்துட்டாங்க.

பிரீமியம் ரொம்ப கம்மி. நாலு லட்ச ரூவா சாமானுக்கு, திருட்டு கவரும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேத்தே, வருசத்துக்கு ஒரு கேஸ் சிலிண்டர் காசு தான் வந்துச்சு. டிவி, பிரிட்ஜ், கட்டில், மிக்ஸி, துணிமணி எல்லாமே இந்த நாலு லட்சத்துக்குள்ள வரும், ஒவ்வொண்ணா லிஸ்ட் போட்டு குடுக்கச் சொல்லி படுத்தல.

இது எதுக்கு வேணும்னு கேக்கறவங்களுக்கு நம்ம மாவட்டத்தையே காட்டலாம். 2017 நவம்பர் 30ல ஓக்கி புயல் அடிச்சப்ப ஓடு பறந்து மரம் சாஞ்ச வீடுகள்ல எத்தனையோ பேரு வாடகைக்கு இருந்தவங்க, அப்புறம் 2021 நவம்பர்ல பெஞ்ச மழையில தாழ்வான இடத்துல இருந்த வீடுகளுக்குள்ள தண்ணி புகுந்து பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் முங்கி கெடந்தத நானே பாத்தேன். ஓனரு பாலிசி வச்சிருந்தாலும் அது அவரு செவுத்துக்கும் கூரைக்கும் தான், நம்ம கட்டிலுக்கு அதுல இருந்து பத்து பைசா வராது, இத வாடகைக்கு இருக்கற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சு வச்சிருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. புயல், வெள்ளம், நிலச்சரிவு, நிலநடுக்கம், தீ விபத்து, கலவரம் எல்லாம் இந்த பாலிசில வருது.

எனக்கு இந்த பாலிசி கை குடுத்தது புயலுக்கும் இல்ல வெள்ளத்துக்கும் இல்ல, மாடி டேங்க்ல இருந்து வர்ற பைப்புக்கு. ராத்திரி அது வெடிச்சு சீலிங் வழியா தண்ணி எறங்கி மெத்தை, அலமாரியில இருந்த துணி, சுவத்துல மாட்டியிருந்த டிவி எல்லாம் நனைஞ்சு போச்சு. ஓனரு நல்ல மனுசன், பிளம்பர கூட்டிட்டு வந்து பைப்ப மாத்தி பெயிண்டும் அடிச்சு குடுத்தாரு, ஆனா மெத்தைக்கு அவர்ட்ட போய் எப்படி கேக்க? தண்ணி டேங்கு, பைப்பு வெடிச்சு வர்ற நஷ்டமும் பாலிசில இருக்குன்னு பாத்துட்டு விடிஞ்ச உடனே கம்பெனிக்கு போன் பண்ணிட்டேன். எதையும் தூக்கி வெளிய போடாதீங்க, அப்படியே போட்டோ எடுத்து வைங்கன்னு சொன்னாங்க. நஷ்டத்த கணக்கு போட கம்பெனி அனுப்பற சர்வேயர் வந்து பாத்தாரு, டிவி பில்லு போன்ல போட்டோவா இருந்துச்சு. மெத்தைக்கும் துணிக்கும் பணம் வந்துச்சு, டிவி சரி பண்ணிடலாம்னு மெக்கானிக் சொன்னதால அதுக்கு ரிப்பேர் பில்லு காசு மட்டும் குடுத்தாங்க, அது நியாயம் தான். நடுவுல பேப்பருக்காக கொஞ்சம் அலைய வச்சாங்க, போன் எடுக்க மாட்டாங்க, அது ஒண்ணு தான் கடுப்பு.

இன்னொரு நல்ல விஷயம், ஆறு லட்சம் பெறுமான சாமானுக்கு நாலு லட்சத்துக்கு தான் பாலிசி போட்டிருக்கீங்கன்னு வச்சுக்கோங்க, அம்பதாயிரம் நஷ்டம் வந்தா, கம்மியா போட்டுட்டேன்னு சொல்லி அந்த அம்பதாயிரத்துல கை வைக்க மாட்டாங்க. பழைய தீ பாலிசிகள்ல அப்படி வெட்டுவாங்க, இதுல அந்த ரூல எடுத்துட்டாங்க.

இப்ப கெடைக்காதது என்னன்னு சொல்றேன், இங்க தான் ஏஜெண்டுங்க வாயே தெறக்க மாட்டாங்க. சும்மா ராத்திரி கள்ளன் பூந்து திருடிட்டு போனா இந்த பாலிசில வராது, புயலோ தீயோ மாதிரி ஒரு சம்பவம் நடந்து அதுல இருந்து ஏழு நாளைக்குள்ள திருட்டு போனா மட்டும் தான் வரும். அதனால திருட்டுக்கு தனியா சேத்து எடுத்தே ஆகணும், அதுலயும் பூட்ட ஒடச்சு வந்த அடையாளம் கேப்பாங்க. பணம், வண்டி ரெண்டும் கெடையாது. நகைக்கு தனி கவர் கேக்கணும். நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமானது இடி மின்னல், மின்னல் விழுந்து தீப்பிடிச்சு வீட்டுச் சாமான் எரிஞ்சா கெடைக்கும், ஆனா மின்னல்ல ஹை வோல்டேஜ் வந்து டிவி போர்டு மட்டும் புகைஞ்சு போச்சுன்னா அந்த டிவிக்கு கெடைக்காது. ஐப்பசி மாசத்துல நம்ம பக்கம் வெட்டுற வெட்டுக்கு இது பெரிய ஓட்டை. அதுக்கு தனியா எலக்ட்ரானிக் சாமான் கவர் உள்ள பேக்கேஜ் பாலிசி பாக்கணும், காசு கூடும். நம்ம அடுப்புல இருந்து தீ பரவி ஓனரு வீட்டுக்கு சேதம் வந்தா அதுக்கு உள்ள பொறுப்பு கவரும் அந்த மாதிரி பேக்கேஜ்ல தான் கேட்டு வாங்கணும்.

பத்து வருசம் வரைக்கும் ஒரே தடவையா போடலாம்னு ஏஜெண்டு சொல்வாரு, வாடகைக்காரங்களுக்கு அது வேண்டாம், 11 மாச அக்ரிமெண்டுல இருக்கறவங்க வருசா வருசம் போட்டா போதும். வீடு மாறும்போது மறக்காம கம்பெனில சொல்லி அட்ரஸ மாத்தி எழுதி வாங்கிடுங்க, பாலிசி அந்த அட்ரஸ்ல இருக்கற சாமானுக்கு தான். கிளைம இழுத்தடிச்சா மொதல்ல கம்பெனிக்கே எழுத்துல புகார் குடுங்க, ஒரு மாசத்துல சரியான பதில் வரலன்னா இன்சூரன்ஸ் புகார்கள விசாரிச்சு தீர்ப்பு சொல்ற சென்னை இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மன் கிட்ட போகலாம், பீஸ் கெடையாது, வக்கீலும் வேண்டாம்.

என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலு. கொறச்ச ஒண்ணு அந்த மின்னல் விஷயத்துக்கு. தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் தரை வீட்டுல வாடகைக்கு இருக்கறவங்க சூன் மழைக்கு முன்னாடியே எடுத்துடுங்க, நமக்கு தான் ரெண்டு மழையும் இருக்கே.