ஆப்பிரிக்கன் டால் மக்காச்சோளமும் தீவனத் தட்டைப்பயறும்: விதை வாங்கும் முன் படிக்க

பவானி பக்கம் எங்களுக்கு ஆறு கறவை மாடுகள். பசுந்தீவனத்துக்கு இப்போது ஆப்பிரிக்கன் டால் மக்காச்சோளமும் தீவனத் தட்டைப்பயறும் சேர்த்துத்தான் விதைக்கிறோம். எனக்கு நல்ல திருப்தி. 5-க்கு 4 கொடுப்பேன்.

ஆப்பிரிக்கன் டால் தீவனத்துக்கென்றே உள்ள ரகம். ஆள் உயரத்தைத் தாண்டும், இலை அகலமாக வரும். வீரிய ஒட்டு இல்லை என்பதால், பக்கத்துக் காட்டில் வேறு மக்காச்சோளம் இல்லாவிட்டால் நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். 60, 65 நாளில் கதிர் பால் பிடிக்கும்போது அறுக்கலாம். புரதம்தான் குறைவு, 8 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதை மட்டும் போட்டால் புண்ணாக்குச் செலவு ஏறும்.

அதற்குத்தான் தட்டைப்பயறு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ (எஃப்சி) 8 போடுகிறோம். மக்காச்சோளத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் புரதம். பூவெடுத்துப் பிஞ்சு விடும் நேரமும் மக்காச்சோளம் பால் பிடிக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவதால், இரண்டையும் சேர்த்தே அறுத்து மெஷினில் நறுக்கிவிடலாம். மூன்று வரிசை மக்காச்சோளத்துக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு. ஏக்கருக்கு முறையே 12 கிலோ, 4 கிலோ விதை. பயறு விதையில் ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலந்து போடுங்கள். புண்ணாக்கைக் கொஞ்சம் குறைத்த பிறகும் எங்களுக்குக் கறவை குறையவில்லை. "தட்டக்கொடி போட்டா மாடு தொட்டியவே நக்கி வெச்சுருது" என்பார் என் மாமியார். கொடியை மட்டும் ஈரத்தோடு அள்ளிப் போடாதீர்கள், வயிறு உப்பிவிடும். மக்காச்சோளத்தோடு கலந்து போட்டால் அந்தப் பயம் குறைவு.

கடைகளில் கோ எஃப்எஸ் 29 சோளத்துக்கும் தட்டைப்பயறைத்தான் ஜோடி சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சோளம் மறுதாம்புக்குத் திரும்பத் திரும்பத் துளிர்க்கும், தட்டைப்பயறு ஒரே அறுப்போடு முடிந்துவிடும். இரண்டாம் அறுப்பிலிருந்து வெறும் சோளம்தான் மிஞ்சும். அதற்கு வெட்ட வெட்டத் துளிர்க்கும் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடிதான் பொருத்தம். இன்னொன்று, இளஞ்சோளத்தில் நஞ்சு உண்டு, வாடிய பயிரில் இன்னும் அதிகம். தீவனத் தட்டுப்பாடு வந்தால்கூடப் பூக்கும் வரை பொறுத்தாக வேண்டும். மக்காச்சோளத்தில் அந்த நஞ்சுப் பயம் இல்லை.

ஒரு மார்க் குறைத்தது படைப்புழுவுக்காக. 2018-ல் இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து மக்காச்சோளம் போட்டவர் யாருக்கும் நிம்மதி இல்லை. மாடு தின்னும் பயிர் என்பதால் கண்ட மருந்தையும் அடிக்க முடியாது. முளைத்த இரண்டாம் வாரத்திலிருந்து குருத்தைப் பிரித்துப் பார்த்து, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கிறோம். கொஞ்சம் சேதம் இருக்கத்தான் செய்யும்.

அப்புறம், விதை. ஒரு கடையில் வாங்கிய தட்டைப்பயறில் பாதி வண்டு துளைத்தது. மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி எடுத்து ஈரச் சாக்கில் முளைகட்டிப் பாருங்கள். சரியாக முளைக்காவிட்டால் உழவு ஓட்டும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடலாம்.