இரவு மரங்களின் புத்தகம்: ஒரு மதிப்புரை

சென்னைத் திருவான்மியூரில் இயங்கும் தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலில் நான் முதலில் பாராட்ட விரும்புவது அதன் அட்டையைத்தான். மத்தியப் பிரதேசத்தின் கோண்டுப் பழங்குடியில் பர்தான் பிரிவைச் சேர்ந்த ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூவரும் அதில் நூலாசிரியர்களாகவே இடம்பெறுகிறார்கள். வரைந்தவர் யாரென்று சொல்லாமல் ‘பழங்குடி ஓவியம்’ என்ற பொதுப்பெயரில் புடவையிலும் பையிலும் அச்சிட்டு விற்பது இன்றும் இயல்பாக நடக்கும் நாட்டில், இதைச் சிறிய விஷயமாக நான் கருதவில்லை.

பர்தான்கள், பானா என்னும் நரம்புக் கருவியை இசைத்துக் கோண்டுக் குடும்பங்களின் குலக்கதைகளைப் பாடிவந்தவர்கள். பகல் முழுவதும் நிழலும் உணவும் தந்து உழைக்கும் மரங்கள் இரவில்தான் ஓய்ந்து தம் உள்ளுருவைக் காட்டுகின்றன என்ற அவர்களது நம்பிக்கையே நூலின் கரு. உருவங்களின் உட்புறத்தைக் கோடுகளாலும் புள்ளிகளாலும் நிரப்பும் முறை இம்மரபில் ஓவியருக்கு ஓவியர் வேறுபடும் என்பதால், நிதானமாகப் பார்ப்பவருக்கு மூவரின் கைகளும் தனித்தனியே புலப்படத் தொடங்கும்.

அந்த இரவுக்காகவே தாள் கறுப்பாக இருக்கிறது. நூல்களை அச்சிட வழக்கமாகப் பயன்படும் ஆஃப்செட் முறையின் மை ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் கறுப்புத் தாளில் எடுபடாது. எனவே பருத்திக் கழிவிலிருந்து கையால் செய்த தாளில், திரை அச்சு (ஸ்கிரீன் பிரிண்டிங்) முறைப்படி ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் திரை வைத்து, ஒன்று உலர்ந்த பின் அடுத்ததை ஏற்றி, சென்னையிலுள்ள பட்டறையில் கைவினைஞர்கள் அச்சிட்டுத் தைத்து, பிரதிக்கு எண்ணும் இடுகிறார்கள். விரலால் தடவினால் மையின் மேடு தெரிகிறது. புதிய பிரதியில் அதன் வாசனையும் இருக்கிறது. சட்டமிட்டு மாட்டிய ஓவியத்தில் இந்த நெருக்கம் கிடைப்பதில்லை.

குறையென்று சொல்வதானால், ஓவியங்களுக்கு எதிரேயுள்ள கதைகள் ஒரு சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. பாடிப் பாடி வளர்ந்த மரபுக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம். கைவேலைக்கு உரிய விலை நியாயமானதே என்றாலும், எளிய குடும்பங்களுக்கு அது எட்டாது என்பதால் பொது நூலகங்கள் இதை அவசியம் வாங்க வேண்டும்.

துர்கா பாயின் கோடுகள் பிடித்துப்போனவர்கள் அடுத்து, அவரும் கணவர் சுபாஷ் வ்யாமும் அம்பேத்கரின் வாழ்க்கையை வரைந்த, நவயானா 2011இல் வெளியிட்ட ‘பீமாயனா’வைத் தேடிப் படிக்கலாம்.